திருமதி டோலஃப்சனின் வால்ட்டர்

அடுத்தவர் வீட்டுக் கொல்லையில், பனியில் குப்புறப் படுத்து, ஜூனிப்பர் புதருக்குள் தலையை நுழைத்திருந்த டெல்பர்ட் க்ரூகரின் காதருகே இரண்டு ரப்பர் பூட்ஸுகள் வந்து நின்றன.

"என்ன தம்பி தேடுறீங்க?"

டெல்பர்ட் தலையை வெளியே இழுத்தார். காதுக்குள் பனி, மீசையில் ஜூனிப்பர் குச்சி. ஐம்பத்து நான்கு வயதில் தம்பி என்று கூப்பிட ஆள் கிடைத்ததற்கு சந்தோஷப்படும் நிலையில் அவர் இல்லை. எதிரே நீலக் கம்பளிக் கோட்டும் கையில் வேர்க்கடலை டப்பாவுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

"நான் திருமதி டோலஃப்சன். இது என் வீடு. நீங்க படுத்திருக்கறது என் தோட்டம்."

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அம்மா, என் பருந்து வேலி தாண்டி வந்து உங்க புதருக்குள்ள ஒரு அணிலைப் பிடிச்சிடுச்சு.' டெல்பர்ட் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

அதற்குள் அந்த அம்மாள் டப்பாவைக் குலுக்கி, ஓக் மரத்தை அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுத்தார். "வால்ட்டர்! கண்ணு, வால்ட்டர்! சாப்பிட வாடா!"

டெல்பர்ட்டின் வாய் திறந்தபடியே நின்றது. "வால்ட்டர்ங்கறது... பூனைங்களா?"

"அணில். எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி. இந்த நேரத்துக்கு டாண்னு வந்துடுவானே, இன்னிக்கு எங்க போனான்னு தெரியல."

டெல்பர்ட்டுக்குத் தெரியும். புதருக்குள் அவருடைய பருந்து குளோரியா இரண்டு சிறகையும் குடைபோல விரித்து அவன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பருந்து வைத்து வேட்டையாடுவது லேசான காரியமில்லை. பரீட்சை எழுத வேண்டும். கூண்டை அதிகாரி வந்து பார்ப்பார். இரண்டு வருடம் ஒரு லைசென்ஸ்காரரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். டெல்பர்ட்டுக்கு அந்த இரண்டு வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பொதுக் காடு. இந்தப் பக்கம் வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் கால் வைத்ததே தப்பு. அதற்கு மேல் பிள்ளைபோல் வளர்த்த அணிலைக் கொன்றதாக ஒரு புகார் போனால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் குளோரியாவும் போய்விடுவாள்.

குளோரியா போவதை அவரால் நினைக்கவே முடியவில்லை. அவளைப் பழக்குவதற்காகப் போன இலையுதிர்காலம் முழுக்க, கையுறையில் அவளை ஏற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் பயம் தெளிந்து கையிலிருந்து முதல் துண்டு இறைச்சியைக் கொத்தித் தின்ற அன்று டெல்பர்ட் அழுதார். கல்யாணத்தன்றுகூட அவர் அழவில்லை என்று மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுகிறாள்.

கிணிங் என்றது புதர். குளோரியாவின் காலில் கட்டிய மணி.

"என்ன சத்தம்?"

"என் சாவிக்கொத்துங்க." டெல்பர்ட் பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு மணி கேட்கும்போதெல்லாம் அவர் சாவியை ஆட்ட வேண்டியதாயிற்று.

"சரி, புதருக்குள்ள என்ன?"

"உங்க காரேஜ் அஸ்திவாரம். விரிசல் விட்டிருக்கோன்னு... அந்தப் பக்கமா போயிட்டிருந்தேன், மனசு கேக்கல."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" திருமதி டோலஃப்சன் உருகிப்போனார். "அஸ்திவாரம் கிடக்கட்டும் தம்பி. பின்கதவு மூடவே மாட்டேங்குது. அதைக் கொஞ்சம் பாருங்களேன்." கோட்டுப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார்.

டெல்பர்ட் கதவைக் கழற்றினார். கீலை நிமிர்த்தினார். மறுபடி மாட்டினார். அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்று வால்ட்டர் கதையைச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இவன்தான் துணை. அவர் நாற்காலியிலயே வந்து உக்காருவான். அவர் பார்க்கிற மாதிரியே பார்ப்பான்."

"அப்படிங்களா."

"அவருக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது. நான் பேசினா எந்திரிச்சுப் போயிடுவார். வால்ட்டர் கடைசி வரைக்கும் கேட்பான்."

கிணிங். டெல்பர்ட் வாயில் திருகாணியைக் கடித்தபடி சாவியை ஆட்டினார்.

"பாதையில பனி வேற குமிஞ்சு கிடக்கு," என்றார் அம்மாள், யாரையும் குறிப்பிடாமல். டெல்பர்ட் பனி வாரும் மண்வெட்டியைத் தேடினார். அது கதவுக்கு அருகிலேயே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

பனியை வாரிக்கொண்டே காரேஜுக்குப் பின்னால் ஒதுங்கி, மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். கிறிஸ்டின் அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவள். பகலில் முடி திருத்துவாள், மற்ற நேரமெல்லாம் டெல்பர்ட்டைத் திருத்துவாள்.

"அண்ணே, கஸ்டமர் தலையில ஷாம்பு இருக்கு. சட்டுனு சொல்லுங்க."

"குளோரியா அணில் பிடிச்சிட்டா. அடுத்தவங்க தோட்டத்துல."

"பிடுங்கலையே?"

"ஐயோ, இல்ல."

"பிடுங்கிடாதீங்க. ஒரு தடவை பிடுங்கினீங்கன்னா உங்களைத் திருடன்னு முடிவு பண்ணிடுவா. அடுத்த தடவை பிடிச்சதைத் தூக்கிட்டு மரத்து உச்சிக்குப் போயிடுவா. கையுறையில ஒரு துண்டு இறைச்சியைக் காட்டுங்க. அவளா அதுல ஏறணும். ஏறினதும் அணிலைச் சத்தமில்லாம பைக்குள்ள தள்ளிடுங்க. பண்டமாற்று அண்ணே, பண்டமாற்று. ரெண்டு வருஷமா இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்?"

"இறைச்சி தீர்ந்துபோச்சு."

"எப்படித் தீர்ந்துச்சு?"

"காலைல மரத்தை விட்டு இறங்க மாட்டேன்னா. ஒவ்வொரு துண்டா லஞ்சம் கொடுத்து..."

"நாசமாப்போச்சு. அப்ப தின்னு முடிக்கட்டும், காத்திருங்க."

"முழுசாத் தின்னா ஒரு வாரத்துக்கு என்னை ஏறெடுத்துப் பார்ப்பாளா? பறந்து போய் எங்கயாவது உக்காந்துடுவா. அதுவும் வால்ட்டர் நல்லாக் கொழுத்தவன் வேற."

போனில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"வால்ட்டர் யாரு?"

டெல்பர்ட் வாரிய இடத்திலேயே மறுபடி பனியை வாரினார்.

"அண்ணே. பேர் வச்ச அணிலையா பிடிச்சீங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? கழுத்துல எழுதியா தொங்குது?"

"புகார் கிகார் போச்சுன்னா நான் உங்களுக்குக் கையெழுத்துப் போட முடியாது, சொல்லிட்டேன். எங்கயாவது பச்சை இறைச்சி வாங்குங்க. உப்பு, மசாலா எதுவும் படக் கூடாது." போன் வைக்கப்பட்டது.

பனி வாரி முடித்துவிட்டு டெல்பர்ட் சமையலறை வாசலில் போய் நின்றார். வெட்கமாகத்தான் இருந்தது.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் மாட்டிறைச்சி கிடைக்குமா?"

"பசிச்சா சொல்ல வேண்டியதுதானே? சூப் சுட வைக்கிறேன்."

"சூப் வேண்டாம். பச்சையாவே..."

வேறு ஊராக இருந்தால் அந்த அம்மாள் கதவைச் சாத்திப் போலீஸைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் மில்வாக்கிப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் பச்சை மாட்டிறைச்சியைக் கொத்தி ரொட்டியில் வைத்துத் தின்னாத வீடு குறைவு. திருமதி டோலஃப்சனின் முகம் மலர்ந்தது.

"நம்ம ஆளா நீங்க! இருங்க, காலைலதான் கொத்தினது வாங்கிட்டு வந்தேன்."

"சும்மா அப்படியே கொடுங்கம்மா, போதும்..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இறைச்சியில் வெங்காயம் விழுந்தது. உப்பு விழுந்தது. மிளகு விழுந்தது. கறுப்பு ரொட்டியில் அப்பி, தட்டில் வைத்து நீட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து எதிரே நின்றார் அம்மாள். "சாப்பிடுங்க. நான் பார்க்கணும்."

டெல்பர்ட்டுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பண்டம் ஆகாது. குமட்டலை அடக்கிக்கொண்டு பாதியை மென்று விழுங்கினார். "வால்ட்டர் வந்துட்டானா பாருங்களேன்" என்றார். அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிய நொடியில் மீதியைக் கைக்குட்டையில் சுருட்டினார்.

"இன்னும் காணோம்," என்று பெருமூச்சு விட்ட அம்மாள் காலித் தட்டைப் பார்த்தார். "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா! இன்னொண்ணு போடறேன்."

இரண்டாவதை முழுவதுமாகத் தின்ன வேண்டியதாயிற்று. அதற்கு நன்றிக்கடனாக விறகு பிளக்க வேண்டியதாயிற்று. கோடரி விறகுக் கட்டையின் மேல் தயாராக இருந்தது.

கடைசியில் அம்மாள் காபி போட உள்ளே போனார். டெல்பர்ட் ஓடிப்போய்ப் புதர் முன்னால் மண்டியிட்டு, கைக்குட்டையைப் பிரித்து, விறைத்த விரல்களால் வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். உப்பும் மிளகும் போக இறைச்சியைப் பனியில் புரட்டிப் புரட்டிக் கழுவினார். குளோரியா தலையைச் சாய்த்து அதை வேடிக்கை பார்த்தாள். இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"வா கண்ணு. என் தங்கம் இல்ல? மானத்தைக் காப்பாத்துடி."

குளோரியா யோசித்தாள். இறைச்சியைப் பார்த்தாள், வால்ட்டரைப் பார்த்தாள். பிறகு பெரிய மனது பண்ணி ஒரு காலைத் தூக்கிக் கையுறையில் வைத்தாள். அடுத்த காலும் வந்தது. டெல்பர்ட் மறுகையால் வால்ட்டரை மெல்ல இழுத்து, கோட்டின் முதுகுப் பைக்குள் தள்ளினார். இரண்டு வருடத்தில் அவர் செய்த மிகச் சுத்தமான பண்டமாற்று அதுதான். பாராட்டத்தான் ஆள் இல்லை.

இனி வேலியைத் தாண்டினால் முடிந்தது. பத்தடி எடுத்து வைத்தால் காடு. குளோரியா கையில், வால்ட்டர் முதுகில், புகார் சொல்ல யாருக்கும் எதுவும் தெரியாது.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. "வால்ட்டர்!" என்றது அந்தக் குரல். "கோவமாடா கண்ணு? வந்துடுடா."

டெல்பர்ட்டின் கால் நகரவில்லை. அந்த அம்மாள் இன்றைக்குக் கூப்பிடுவார், நாளைக்கும் கூப்பிடுவார், டப்பாவோடு குளிரில் நின்று அண்ணாந்து பார்ப்பார். லைசென்ஸ் போனால் போகட்டும் என்று டெல்பர்ட் திரும்பி நடந்தார்.

"அம்மா. வால்ட்டர் வர மாட்டான்."

திருமதி டோலஃப்சன் பருந்தைப் பார்த்தார். டெல்பர்ட்டின் முதுகுப் பையிலிருந்து எட்டிப் பார்த்த வாலைப் பார்த்தார்.

"நான்தாங்க காரணம். அஸ்திவாரம், விரிசல் எல்லாம் பொய். இவ வேலி தாண்டி வந்துட்டா. நான் முதல்லயே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். நீங்க புகார் கொடுக்கலாம், அதுதான் நியாயம். இவளை மட்டும் திட்டாதீங்க, இவளுக்கு வால்ட்டர்னு தெரியாது."

அம்மாள் படிக்கட்டில் தொப்பென்று உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. டெல்பர்ட்டுக்குத் தாங்கவில்லை. அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"அழாதீங்கம்மா. என்ன செஞ்சா உங்க மனசு ஆறும்? சொல்லுங்க, செய்யறேன்."

கைக்குட்டைக்குள்ளிருந்து உடைந்த குரல் வந்தது. "அவனுக்கு... சமையலறைச் சுவர்ல மஞ்சள் நிறம்னா உசிரு. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருப்பான். இப்பப் பாருங்க, எல்லாம் மங்கிப்போச்சு..."

"சனிக்கிழமை வந்து நான் பெயின்ட் அடிக்கிறேன்."

"மழைத்தண்ணிக் குழாய்ல ஓடி விளையாடுவான். அதுவும் உடைஞ்சு தொங்குது..."

"அதையும் மாத்திடறேன்."

"புகாரெல்லாம் எதுக்கு தம்பி? போனவன் திரும்பவா போறான்?" முகத்தை மூடியபடியே கையை அசைத்து விடை கொடுத்தார் அம்மாள். "அவனையும் நீங்களே கொண்டு போயிடுங்க. என்னால பார்க்க முடியாது."

டெல்பர்ட் வேலிப் பக்கம் போகவில்லை. இனி அந்த வேலியைத் தாண்ட அவருக்கு மனசாட்சி இடம் தரவில்லை. வாசல் வழியாகவே நடந்தார். உலகத்தில் இப்படியும் மன்னிக்கிறவர்கள் இருக்கிறார்களே என்று நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் கோத்தது. குளோரியா அவர் கையில் கடைசித் துண்டைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

சாலையோரம் தபால் வண்டி வந்து நின்றது. தபால்காரர் நார்ம் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, பருந்தைப் பார்த்தார், பைக்கு வெளியே தொங்கும் வாலைப் பார்த்தார், டெல்பர்ட்டின் ஈரக் கண்ணைப் பார்த்துப் பரிதாபமாக உச்சுக்கொட்டினார்.

"இந்த வருஷத்து வால்ட்டர் உங்ககிட்ட மாட்டினானா? உங்களுக்குப் பரவாயில்லைங்க, போன வருஷம் வந்த பருந்துக்காரர் அந்தம்மாவுக்கு வீட்டுக் கூரையையே மாத்திக் கொடுத்துட்டுப் போனார்!"