ஏழாம் பாதையில் ஏறியது பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் இடது முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அத்தை நலம், நான் பாதி நலம். நீங்களும் என் மகளும் முழு நலமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் குரல் உயர்ந்துவிடுகிறது என்று உங்கள் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். கடிதத்தை யாரும் பாதியில் பிடுங்க முடியாது.

நல்ல அலுவலக வேலையை விட்டுவிட்டு, மலையோரத்தில் சைக்கிள் வாடகைக்கு விடப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினேன், உங்களிடம் பேசவில்லை. அதற்கு எங்கள் வீட்டு முன்னறை வேண்டும் என்று மகள் வந்து நின்றபோதும் முடியாது என்று சொல்லவில்லை. உங்கள் பாதைகளில் ஒன்றை நானே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பதில் வருவதற்கு முன்பே உங்கள் கையேட்டின் ஐநூறு பிரதிகளையும் முன்னறையில் இறக்கிவிட்டுப் போனாள். அது அவளுடைய குணம், அம்மா வழியில் வந்தது. கையேட்டைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ‘வண்டி நடமாட்டமில்லாத சரளைப் பாதைகள்’ என்பது நல்ல தலைப்பு. உள்ளே ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது. ஏனென்றால் அதைப் பார்த்தவன் நான். அச்சகத்தில் முப்பத்து நாலு வருஷம் பிழை திருத்தியவன். உங்கள் ரகர, றகரக் குழப்பத்தை ஒரே உட்காரலில் துடைத்தெறிந்தேன். பாறையைப் பாரை என்றும், கரடியைக் கறடி என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படி இருபத்து மூன்று இடங்கள். எழுத்து என் பொறுப்பு, அதில் குறையில்லை. பாதை உங்கள் பொறுப்பு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தேர்ந்தெடுத்தது ஏழாம் பாதை. காரணம், அதன் தலைப்பிலேயே ‘முதியவர்களுக்கு ஏற்றது’ என்று போட்டிருந்தீர்கள். புதன்கிழமை காலையில் நீங்கள் கொடுத்த இரண்டு சைக்கிள்களில் நானும் உங்கள் அத்தையும் கிளம்பினோம். அவள் கையேட்டைப் பிரித்தே பார்க்கவில்லை. நான் வரிக்கு வரி விரல் வைத்து வந்தேன். பாலம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கார் இல்லை, லாரி இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. சக்கரத்தின் அடியில் பொடிக்கல் நறநறக்கிற சத்தம் மட்டும்தான். மனதுக்குள் முன்னறையில் சைக்கிள்களை எந்தச் சுவரோரம் நிறுத்தலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். என் கெட்ட நேரம், பாலம் முடிந்தது.

பாலத்தின் அந்தப் பக்கம் இரண்டு வழி. ஒன்று, ஏரிக்கரையோடு மேஜை மாதிரி சமமாகப் போகிறது. இன்னொன்று, சுவரில் சாய்த்த ஏணி மாதிரி நேரே மலைமேல் போகிறது. உங்கள் அத்தை கரை வழியில் திரும்பி மணியடித்துக்கொண்டே போய்விட்டாள். நான் கையேட்டைப் பிரித்தேன். ‘பாலம் தாண்டியதும் ஏறி அப்படியே போனால் மூன்றாவது கிலோமீட்டரில் ஊர்’ என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் போட்டிருந்தது. திரும்பி வா என்று கத்தினேன். அவளோ, நீங்க படிச்சிட்டு வாங்க, நான் பார்த்துட்டுப் போறேன் என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டாள். அச்சில் வந்ததை மதிக்காதவளோடு நாற்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், மாப்பிள்ளை. நான் ஏறினேன்.

சரளைப் பாதையில் சரளமாகப் போகலாம் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். அப்போதே அந்த எதுகை எனக்குப் பிடிக்கவில்லை, போகட்டும் என்று விட்டேன். அங்கே கிடந்தது சரளை இல்லை, ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. இருநூறு அடி ஓட்டினேன், பிறகு இறங்கித் தள்ளினேன், தள்ள முடியாத இடத்தில் தோளில் தூக்கினேன். தூக்கும்போது பெடல் முழங்காலில் இடித்தது, சங்கிலி கழன்றது, சட்டையின் முதுகெல்லாம் கறுப்பு மை, தண்ணீர்ப் புட்டி கழன்று உருண்டு உருண்டு நான் அரைமணி நேரமாக ஏறிய தூரத்தை அரை நிமிஷத்தில் இறங்கிவிட்டது. வழி கேட்கலாம் என்றால் வண்டி நடமாட்டம் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. அதைத் தலைப்பில் போடவில்லையே. வயது அறுபத்தேழில் ஒரு மலைச்சரிவில் தனியாக நின்று, வாடகைக்கு எடுக்காத சைக்கிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடைசியில் வந்தது நாற்பது ஆடுகள். ஆடு வண்டிக் கணக்கில் சேருமா என்று தெரியவில்லை, ஆனால் பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்று உங்கள் கையேட்டில் எட்டாம் பாதையைத் தின்றுவிட்டது. பின்னால் வந்த ஆட்டுக்காரம்மா என்னையும் என் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஐயா, அது உங்களைச் சுமக்கணுமா, நீங்க அதைச் சுமக்கணுமா?”

ஊருக்குப் போகிற பாதை இதுதானே என்று கேட்டேன்.

“எல்லாரும் ஏரிக்கரையிலதான் போவாங்க. இங்க ஆடுகளே நான் அதட்டினாத்தான் ஏறும்.”

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபக்கம் உட்கார்ந்தும் சறுக்கியும் ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. உங்கள் அத்தை பத்தரைக்கே வந்துவிட்டாளாம். மூன்று டீ குடித்து, டீக்கடைக்காரர் குடும்பக் கதை முழுவதும் கேட்டு, கால் நீட்டி ஒரு தூக்கமும் போட்டிருந்தாள். வழியெல்லாம் நிழல், காற்று, கொக்கு என்று வர்ணித்தாள். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவ்வளவு பெரிய ஏரி. இந்தக் கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கரையில் நிற்பவர் முகம் தெரியாது. அதைப் பற்றி ஏழாம் பாதையில் ஒரு வார்த்தை உண்டா? ஏரியையே கவனிக்காமல் விடுகிற ஒருவரை நம்பி ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேர் சைக்கிள் ஏறப் போகிறார்கள். அவர்களை மலையில் விட்டுவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றால் யார் பதில் சொல்வது?

ஆகவே என் முடிவு இதுதான். முன்னறை கிடையாது. பிரதிகளை எடுத்துக்கொண்டு போகவும். பழைய அலுவலகத்தில் இன்னும் இடம் காலியாக இருந்தால் போய் மேலாளரைப் பாருங்கள். என் மகள் முகம் வாடும் என்று தெரியும், எனக்கும் அதில் சந்தோஷமில்லை. ஆனால் பாதை போடுகிறவருக்கு முதலில் கண் வேண்டும். கோபத்தில் எழுதினாலும் பிரியத்தில்தான் எழுதுகிறேன். இருவரும் நோய்நொடி இல்லாமல், சமதரையில், நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அத்தை எங்கிருந்தோ உங்கள் கைப்பிரதியைத் தேடிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஏழாம் பாதையில் நீங்கள் எழுதியிருந்தது: ‘பாலம் தாண்டியதும் ஏரி. அப்படியே போனால் மூன்றாவது கிலோமீட்டரில் ஊர்.’ அந்த ரகரத்தைச் சிவப்பு மையில் அடித்து றகரமாக்கி, முற்றுப்புள்ளியையும் நீக்கி, ஓரத்தில் ‘கவனம் தேவை’ என்று எழுதியிருப்பது என் கையெழுத்து. இருபத்து மூன்று இடத்தில் திருத்திய கை, இருபத்து நாலாவது இடத்தில் சும்மா இருக்கவில்லை. ஏரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், மாப்பிள்ளை. அதை மூடியவன் நான். அத்தை ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னறை உங்களுக்குத்தான். ஆனால் சைக்கிள்களைச் சனிக்கிழமை மாலைக்கு முன்னால் கொண்டுவர வேண்டாம். நான் அங்கேதான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு முடிந்திருக்கிறது, இன்னும் முந்நூற்று எண்பத்தெட்டு. வரும்போது சிவப்புப் பேனா ஒன்று வாங்கி வாருங்கள்.