மழைநாளில் விடுப்பு எடுக்கும் மலை

மலை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி மதியம் மூன்று மணிக்குத் திரும்பிவிடுகிறது என்று கணினித் திரை சொன்னது. மண் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் அப்படியேதான் சொன்னது.

அவள் பொறியியல் கல்லூரியில் மண் இயக்கவியல் நடத்துகிறவள். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு. வீடு பாறைமேல் நிற்பதால் அதற்குப் பயமில்லை. ஆனால் சரிவின் அடியில்தான் அவள் மகள் பள்ளிக்கூடம் போகும் பாதை. அதில் ஒரு விரிசலைப் பார்த்த நாளிலிருந்து டீச்சருக்கு மனசு சரியில்லை. சரிவில் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, அதன் தலையில் சாய்வுமானி ஒன்றைப் பொருத்தினாள். கம்பம் இம்மி சாய்ந்தாலும் அந்தப் பெட்டி குறித்துக்கொள்ளும். நிமிர்ந்து நின்றபடியே நழுவினால் அதற்குத் தெரியாதுதான். ஆனால் கல்லூரிக்குக் கட்டுப்படியான கருவி அது ஒன்றுதான்.

இந்த அளவுகளை நம்பித்தான் அவள் நிலச்சரிவு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தாள். மாநாட்டில் பேசுகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்கு அனுப்புவார்கள். செலவெல்லாம் அவர்களுடையது. இதற்கு முன்பும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நீங்களே அளந்த மலை ஏதாவது உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, இல்லை என்றதும் நல்லபடியாக வழியனுப்பி வைத்தார்கள். இந்தத் தடவை மலை இருக்கிறது. ஆனால் அது அலுவலகம் போய்வருகிறது.

அதுவும் எப்படிப்பட்ட அலுவலகம்? மழை பெய்தால் விடுப்பு. ஞாயிற்றுக்கிழமை விடுப்பு. திங்கட்கிழமை மட்டும் இரண்டு மடங்கு சாய்வு. உலகத்து மலைகளெல்லாம் மழையில் நகரும்போது, இது ஒன்று மட்டும் மழையில் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டு வெயில் வந்ததும் எழுந்து நடக்கிறது.

மாமனார் ஈரப் பனியன் ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தார். பேத்தியின் பனியன். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் குரலில் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் கொடியில இடமில்லாமப் போச்சும்மா. உன் நாற்காலி முதுகுல போட்டுக்கட்டுமா?"

"போடுங்க மாமா," என்றாள் டீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் எதைக் கேட்டாலும் அவள் மறுக்க மாட்டாள். முதல் விண்ணப்பம் திரும்பி வந்த அன்று, துவைக்கிற கல் பக்கத்தில் நின்று, எழுதவே நேரமில்லை, இதில் எங்கே அளப்பது என்று தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தாள். மாமனார் வந்து கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார். "நீ படிம்மா. துணி இனிமே என் டியூட்டி," என்றார். அதற்குப் பிறகு அவள் வாளியைத் தொட்டதில்லை. விடியும் முன் கல்லூரிக்குக் கிளம்பி, பொழுது சாய்ந்து திரும்புகிறவளுக்கு, துணிகள் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கும் என்பது மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் துவைக்க மாட்டார். லீவு நாள் என்றால் லீவு நாள்தான்.

வெயிலில் பெட்டி சூடேறித்தான் பிதற்றுகிறது என்று டீச்சர் முடிவு கட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய குடையைக் கொண்டுபோய்க் கம்பத்தில் கட்டி, பெட்டிக்கு நிழல் செய்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை திரையில் பழைய சாய்வும் இருந்தது. கூடவே, ரம்பத்தின் பற்கள் மாதிரி ஒரு புதிய நடுக்கமும் சேர்ந்திருந்தது. அன்று சாயங்காலம் மாமனார் காரணமில்லாமல் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். இப்படி ஒரு நல்ல மனசு யாருக்கு வரும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எதைச் சொல்கிறார் என்று கேட்க டீச்சருக்கு நேரமில்லை.

அப்படியானால் கம்பத்தின் அடிதான் ஆட்டம் கொடுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு சிமெண்டும் ஜல்லியும் சுமந்துபோய் அடியைச் சுற்றிக் கெட்டியாகப் பூசினாள். கணவர் சட்டியைப் பிடித்துக்கொண்டு, பயிற்சி கிடைத்தால் நீ ஊர் ஊராகப் போய்க் கம்பம் நட வேண்டியிருக்குமா என்று கேட்டார். டீச்சர் முறைத்ததும் சட்டியில் ஜல்லி அள்ளப் போய்விட்டார். பூச்சு காய்ந்தது. திரையில் சாய்வு குறையவில்லை, முன்பைவிடக் கூடிப்போயிருந்தது. அன்றும் மாமனார் காப்பி போட்டுக் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் துறைத் தலைவரிடம் போய் நின்றாள். கருவி கோளாறு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்பது அவள் எண்ணம். அவரோ வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இது கோளாறு இல்லை மேடம். கண்டுபிடிப்பு," என்றார். "வெயிலில் நகரும் மலை. இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை."

"யாரும் பார்க்காததாலதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கே மாநாட்டுக்காரர்களிடம் பேசி, கட்டுரைத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு மூலையில் நிற்க வேண்டியவளைப் பெரிய அரங்கின் மேடைக்கு ஏற்றிவிட்டார். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவின் தலைவியே இதைக் கேட்க ஆவலாக இருப்பதாகவும் தகவல் வந்தது. கருவி சரிவில் நிற்கிற படம் ஒன்று அனுப்புங்கள், திரையில் பெரிதாகப் போடுவோம் என்றும் கேட்டார்கள்.

படம் எடுக்கத்தான் மாநாட்டுக்கு முந்தின நாள் மதியம் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். வேலை நாளில், வெயில் நேரத்தில், அவள் பின்பக்கம் போனது அதுதான் முதல் தடவை. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சமையலறை சன்னல் கம்பியிலிருந்து ஓடையைத் தாண்டி அவளுடைய கம்பம் வரைக்கும் ஒரு கொடிக்கம்பி விறைப்பாகப் போயிருந்தது. அதில் கணவரின் கால்சட்டைகள், அவளுடைய புடவை, கம்பம் ஓரமாக ஈரம் சொட்டும் ஒரு கனத்த கம்பளி. குடையின் ஒவ்வொரு முனையிலும் ஒரு கைக்குட்டை படபடத்துக்கொண்டிருந்தது. துணிப் பாரம் தாங்காமல் கம்பம் வீட்டைப் பார்த்து லேசாக வணங்கி நின்றது.

மாமனார் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நீ கட்டின குடை எவ்வளவு உபயோகம் பாரு. கைக்குட்டை எல்லாம் நொடியில காயுது. அடியில சிமெண்டு போட்டதும் கம்பளியையே தாங்குது. கிழவன் ஒருத்தன் துணி காயப்போடறானேன்னு இவ்வளவு யோசிச்சிருக்கியேம்மா." கொடியில் கிடந்த கால்சட்டை ஒன்றை நீவிவிட்டார். "ஆனா உன் பெட்டியை ஒரு நாளும் தொட்டதில்லை. துணி எடுத்ததும் கம்பியையும் அவுத்துச் சுருட்டி உள்ளே மாட்டிடுவேன். யார் காலும் தட்டக் கூடாது பாரு."

காலையில் கிளம்பி மதியம் திரும்பும் மலை எது என்று டீச்சருக்குப் புரிந்துபோனது. திங்கட்கிழமை போர்வைகள் துவைக்கும் நாள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவருடைய உள்ளங்கைகள் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன. அந்தக் கைகளைப் பார்த்த பிறகு என்ன சொல்ல முடியும்?

"நல்லா காயுதா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லா காயுது. பேத்தி பனியனுக்குத்தான் இடம் பத்தலை."

துறைத் தலைவரிடம் ஓடி, பேச்சை ரத்து செய்யச் சொன்னாள். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது, இனி மலையே வந்து சொன்னாலும் மாற்ற முடியாது என்றார் அவர். சாயங்காலம் மாமனார் உலாவப் போன நேரமாகப் பார்த்துக் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கு மேடையில் உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடப் போவதாகவும், பயிற்சி போனால் போகட்டும், ஆனால் மாமா காதுக்கு இது போகக் கூடாது என்றும் சொன்னாள். கணவர் சத்தியம் செய்தார். அவர் வாயில் எதுவும் தங்காது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

மறுநாள் அரங்கில் கூட்டம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தேர்வுக் குழுவின் தலைவி நரைத்த தலையும் கூர்மையான பார்வையுமாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் மேடையேறினாள். திரையில் வரைபடம் விரிந்தது. இது மலையின் நகர்வு இல்லை, எங்கள் வீட்டுத் துணி காய்ந்த விவரம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாள். குடையையும் கம்பளியையும் மறைக்காமல் சொன்னாள். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. துறைத் தலைவர் மட்டும் குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்தது நாடா இல்லாத காலணி.

சிரிப்பு அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தாள்.

"இந்த வரைபடத்துல மலை இல்லை. என் மாமனார்தான் இருக்கார்," என்றாள். "அவர் துணி துவைச்சதாலதான் நான் ஒரு வரியாவது எழுத முடிஞ்சது. கட்டுரையோட கடைசியில நன்றின்னு போட்டு அவர் பேரை எழுத வேண்டியது. தவறி நடுப்பக்கத்துக்கே வந்துட்டார். அதுக்காக நான் வருத்தப்படலை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. யாரோ கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தலைவி பெருமூச்சு விட்டபடி டீச்சரின் விண்ணப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிரியமான முகத்தோடுதான் வைத்தார், ஆனாலும் ஓரம் ஓரம்தான்.

அப்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் துணிப்பை. பைக்குள்ளிருந்து சுருட்டிய கொடிக்கம்பி எட்டிப் பார்த்தது. டீச்சர் கணவரைத் தேடினாள். அவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார்.

"மன்னிக்கணுங்க," என்றது பேருந்தின் கடைக்கோடிவரை கேட்டுப் பழகிய குரல். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "தப்பெல்லாம் என்னோடது. கம்பியை இழுத்துக் கட்டினது நான்தான். இதோ, கம்பியையும் கொண்டாந்திருக்கேன். பிள்ளைக்கு வர வேண்டியதை என்னால கெடுத்துடாதீங்க."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. தலைவி திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார். பெரியவரின் பதற்றத்தைத் தணிக்க வேண்டும் என்று பேச்சுக்காக ஒரு கேள்வி கேட்டார்.

"பரவாயில்லைங்க. துணி காயப்போடறதுக்குக் கம்பியை ஏன் அவ்வளவு விறைப்பா இழுத்துக் கட்டினீங்க?"

"தொய்ஞ்சா துணி ஓடையில நனையுதுங்களே. ஒவ்வொரு மழை விட்டதும் போய்க் கட்டினா, பழைய கம்பி தொளதொளன்னு தொங்கும். மிச்சத்தை வெட்டிட்டுச் சுருக்கிக் கட்டுவேன். இப்படியே வெட்டி வெட்டி, முன்னாடி எல்லாத் துணிக்கும் இடம் இருந்த கொடியில இப்போ என் பேத்தி பனியனுக்கு மட்டும் இடமில்லாமப் போச்சு."

மண் டீச்சர் திரையிலிருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டிக்குத் தெரியாமல், நிமிர்ந்து நின்றபடியே, ஒவ்வொரு மழைக்கும், அவர் வெட்டின கம்பியின் நீளத்துக்கு, அவளுடைய கம்பம் வீட்டை நோக்கி நழுவி வந்திருக்கிறது. மகள் போகும் பாதையை இன்றைக்கே அடைக்கச் சொல்ல வேண்டும். வாளியை வாங்கிக்கொண்ட அந்தக் கைகளை நினைத்து அவள் மனசுக்குள் கும்பிட்டாள்.

தலைவி ஓரமாக வைத்த விண்ணப்பத்தைத் தன் முன்னால் இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"ஐயா, அந்தப் பனியன் எவ்வளவு அகலம் இருக்கும்?"