உங்கள் அத்தை உள்ளே வர அனுமதி கேட்கிறாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராகப் புகாருக்கு வருகிறேன். கையால் கிறுக்கியிருப்பதற்குப் பொறுத்தருளவும். கணினியில் எழுத உட்கார்ந்தால் உங்கள் அத்தை எழுப்பிவிட்டுவிடுகிறாள். அவள் போய் நான்கு மாதம் ஆகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கணினிக்குத்தான் தெரியவில்லை.

போன முறை வந்தபோது, கூடத்துக் கணினியில் எனக்கும் அவளுக்கும் எங்களோடு இருக்கும் என் மைத்துனனுக்கும் தனித்தனிக் கணக்கு போட்டு, "எது கெட்டாலும் எங்க வீட்ல இருந்தே உள்ள வந்து சரி பண்ணிடலாம் மாமா" என்று ஒரு வழியும் திறந்துவிட்டுப் போனீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த வழியாக யார் வந்தாலும் உட்கார்ந்திருப்பவன் எழுந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சென்ற வாரம் குடியிருப்போர் சங்கத்துக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு கட்டம் வந்தது. உங்கள் அத்தையின் பெயரைப் போட்டு, இவர் உள்ளே வர விரும்புகிறார், அனுமதிக்கலாமா என்று கேட்டது. அரை நிமிடம் பேசாமல் இருந்தால் அதுவே அனுமதித்துவிடுமாம். மறுக்கவும் பொத்தான் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாதவன், செத்த பிறகா ஆரம்பிப்பேன்? திரை பூட்டிக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மைத்துனன் பயப்படுவான் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, பீரோ சாவிய எங்க வச்ச? அத்தானுக்கு ஒண்ணும் தெரியல" என்று திரையைக் கேட்கிறான். "டேய், அவ செத்துட்டாடா" என்றேன். "அதுக்காக சாவி வேணாமா?" என்கிறான். இவனை வைத்துக்கொண்டு நான் எப்படி அழுவது, சொல்லுங்கள். துக்கம் கேட்கிறவர்களுக்குப் பயந்து போனையும் அணைத்துப் போட்டுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மாப்பிள்ளை, இப்போதெல்லாம் மாலையானால் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போய் உட்காருகிறேன். அந்தக் கட்டம் வரும்வரை மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அவள் வந்து போன பிறகு சாப்பாடு இறங்குவதில்லை.

எவனோ களவாணிப் பயல் அவள் பெயரில் நுழைகிறான் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆகையால் அந்த வழியை அடைத்துவிடுங்கள். அவள் பெயரையும் எடுத்துவிடுங்கள். ஒரு தடவை அவளை அனுப்பிவைத்ததே போதும், தினம் தினம் என்னால் முடியாது.

மகளிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள். இருவரும் நோய்நொடி இல்லாமல், ஆளுக்கொரு கணினியோடு நெடுங்காலம் வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மைத்துனன் எல்லாவற்றையும் போனில் உளறிவிட்டு, அதை என் காதில் வைத்துவிட்டான். மறுமுனையில் என் மகள். "அது நான்தான்பா. அம்மா பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். நீங்க போனே எடுக்கறதில்ல. மாமாகிட்ட கேட்டா, தூங்கிட்டே 'நல்லாத்தான் இருக்கார்'ங்கறார். நீங்க உக்காந்திருந்தா, 'இன்னொருவர் உள்ளே இருக்கிறார், தொடரவா'ன்னு இங்க கேக்கும். அது போதும்பா எனக்கு, நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்குவேன். அப்புறம் அம்மா போட்டோவக் கொஞ்சம் பாத்துட்டுப் போயிடுவேன்" என்றாள்.

மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். மாலையில் என் மகள் கணினி முன் உட்காரும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள், அது போதும். ஒரு நாள், இங்கே உட்கார நான் இல்லாதபோது, கணினி எதுவும் கேட்காமலேயே அவளை உள்ளே விட்டுவிடும்.