பின்கட்டு அறையில் மூன்று நாள்

"நாளைக்கு அப்பா திவசம். இப்பப் போய் உக்காந்துட்டியே? போன தடவை ஆகிப் பதினாறு நாள்தானேடி ஆச்சு?"

பின்கட்டு அறைக்கு வெளியே எட்டி நின்றபடி வைத்தீஸ்வரன் கேட்டார். பாகீரதிக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் கணக்கும் மறந்துவிட்டது, மாமனார் திவசமும் மறந்துவிட்டது. இப்போதெல்லாம் எதுதான் நினைவில் நிற்கிறது?

"உடம்பு சொல்லிண்டா வரும்?" என்று சமாளித்தாள்.

உண்மையில் அது வந்தே பதினொரு மாதமாகிறது. நாற்பத்தெட்டு வயது. திடீரென்று மார்பில் ஓர் அனல் கிளம்பி உச்சிவரை ஏறும், ரவிக்கை நனையும், அடுத்த நிமிடம் குளிரும். படுத்தால் தூக்கமில்லை, படபடப்பு. காரணமில்லாமல் அழுகை வேறு. இந்த உடம்போடு கல்கத்தாவின் ஆவணிப் புழுக்கத்தில் கரியடுப்பின் முன் நிற்க வேண்டும். மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். பவானிபூர் வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. மாதத்தில் அடுப்பின் முகத்தில் விழிக்காத நாள் மூன்றுதான். நின்றுவிட்டது என்று சொன்னால் அந்த மூன்றும் போய்விடும். ஆகையால் மாதாமாதம் பொய்யாகவே உட்கார்ந்தாள்.

துணி துவைக்கும் மோக்ஷதாவுக்கு மட்டும் தெரியும். "என் அக்காவுக்கும் இப்படித்தான் மா. ரெண்டு மூணு வருஷம் படுத்தும், அப்புறம் அடங்கிடும்," என்று வங்காளத்தில் ஆறுதல் சொன்னாள். வெளியே மூச்சு விடவில்லை.

அந்த நாட்களில் வைத்தீஸ்வரன் அவளுக்குச் சாதம் வடித்து வைத்துவிட்டு, ஆபீஸ் நண்பர் வெங்கடசுப்ரமணியன் வீட்டில் சாப்பிடுவதாகச் சொல்லிப் போவார். வாய் நிறைய வெற்றிலையோடு திரும்புவார். தெருவில் மீன்காரி கூவினாலே ஜன்னலைச் சாத்தச் சொல்லும் ஆசாரக்காரர். அப்பேர்ப்பட்டவரை ஏமாற்றுகிறோமே என்று பாகீரதி அதற்கும் தனியாக அழுதாள்.

"பதினாறே நாள்ங்கறது சரியில்லே. லேடி டாக்டரை அழைச்சுண்டு வரேன்," என்றார் வைத்தீஸ்வரன்.

டாக்டர் வந்தால் குட்டு உடைந்துவிடும். "வேண்டாம்னா. சந்தேகத்துலே உக்காந்தேன். ஒண்ணுமில்லே," என்று அவசரமாக எழுந்துபோய்த் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு நீயே சமைச்சுடு."

மறுநாள் அடை மழை. புகை வெளியேற வழியில்லாமல் சமையலறையிலேயே சுற்றியது. அனல் நாலு முறை ஏறி இறங்கியதில் எதில் என்ன போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திவசச் சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது என்பதால், இலையில் உட்கார்ந்த பிராமணர்கள் இருவரும் உப்புப் போட்ட பாயசத்தைக் கண்ணில் நீர் வர, வாய் திறக்காமல் குடித்து முடித்தார்கள்.

அவர்கள் போனபின் வைத்தீஸ்வரன் ஒரு வாய் குடித்தார். "உனக்கு என்னடி ஆச்சு?"

பாகீரதி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "பதினோரு மாசமாப் பொய். அந்தப் பாவம்தான் இப்படி ஆட்டறது. இனிமே உக்காரலே. முப்பது நாளும் நானே சமைக்கறேன்."

அவர் முகம் இருண்டுபோயிற்று.

"வேண்டாம்," என்றார் மெதுவாக. "எப்பவும் போல மூணு நாள் உக்காந்துக்கோ. யாருக்கும் சொல்ல வேண்டாம். நாளைக்கே வேணும்னாலும் உக்காரு. நாலு நாளானாலும் பரவாயில்லே."

முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் இந்த மனசு தெரியாமல் போயிற்றே. பாகீரதி அழுதாள், பல மாதங்களுக்குப் பிறகு காரணத்தோடு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மோக்ஷதாவிடம் போய், "பாபு கிட்டே சொல்லிட்டேன். நாளைக்கே உக்காருன்னுட்டார்," என்றாள்.

மோக்ஷதா சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். "அப்பாடா, ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? உங்களுதை அவர்கிட்டேயும் அவருதை உங்ககிட்டேயும் மறைச்சு மறைச்சு எனக்கு அலுத்துப் போச்சு மா. நாளைக்குப் பாபுவுக்கு இலிஷ் மீன்லே தலைத்துண்டா, நடுத்துண்டா? அவர் சாப்பிடப் போற மெஸ்லே சமைக்கிற என் தங்கச்சி கேட்டுட்டு வரச் சொன்னா."