நாலு காலுறைக்குள் நாலு மலை ஒயின்

மலையில் விளையும் சிவப்பு ஒயின் விஷயத்தில் நான் ஒரு மேதை என்று உலகத்துக்கு அறிவித்துவிடுவதாக முடிவு செய்தேன். ஒரே ஒரு தடங்கல். எனக்குச் சிவப்பு ஒயினுக்கும் வெள்ளை ஒயினுக்கும் வித்தியாசம் தெரியும், விளக்கு எரிந்தால்.

நான் அகராதி அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். எதையும் குடித்துத் தெரிந்துகொள்வதைவிடப் படித்துத் தெரிந்துகொள்வது வழக்கம். பதினோரு புத்தகம் படித்திருந்தேன். அப்போதுதான் எங்கள் ஒயின் சங்கத்தில் ஒரு நடுவர் இடம் காலியானது. சிறு தோட்டக்காரர்கள் தாங்களே பிழிந்து ஊறவைக்கும் ஒயின்களை மூன்று நாள் மலையிலேயே தங்கி ருசித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விண்ணப்பித்தேன். இடம் கிடைத்துவிட்டதாகவே அலுவலகத்தில் ஆறு பேரிடம் சொன்னேன். ஆறு பேரும் அறுபது பேரிடம் சொன்னார்கள்.

"நானும் வரட்டுமா?" என்றாள் மனைவி.

"வந்து?"

"குடிச்சுப் பாக்கத்தான்."

"அதுக்கு நாக்கு வேணும்மா."

"இருக்கே. ரொம்ப நீளம்னு நீங்கதானே தினம் சொல்றீங்க?"

"நீளம் போதாது. ஆழம் வேணும்."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர். ஞாயிறு காலை வீட்டுக்கே வந்து என்னைச் சோதிப்பதாகச் சொன்னார். நாலு பாட்டில் முன்கூட்டியே வந்து சேர்ந்தது. ஒன்று பென்ஷன் வாங்கும் தபால்காரர் போட்டது. ஒன்று இரட்டைச் சகோதரர்கள். ஒன்று பல் டாக்டர். கடைசி ஒன்று ஒரு மாமியாரும் மருமகளும் கூட்டாகப் போட்டது. லேபிள் தெரியாமல் பாட்டிலை மூடிவைக்க வேண்டும். ருசித்து, யாருடையது என்று நான் சொல்ல வேண்டும்.

"உங்க வீட்டம்மா மூடிவைக்கட்டும். நீங்க எட்டிப் பாக்கக் கூடாது" என்றார் டாக்டர் போனில்.

"சே சே" என்றேன்.

மனைவி மூடிகளைத் திறந்து காற்றாட வைத்தாள். மூடுவதற்கு அவளுக்குக் கிடைத்தவை என் பழைய காலுறைகள். கட்டைவிரல் ஓட்டை ஒன்று, குதிகால் ஒட்டு ஒன்று, ரப்பர் தளர்ந்தது ஒன்று, சாயம் போனது ஒன்று. அவள் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். நான் எட்டிப் பார்த்தேன். பார்த்ததோடு நின்றேனா? ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன்: 'ஓட்டை: தபால். ஒட்டு: இரட்டை. தளர்ச்சி: பல். சாயம்: மாமியார்.' நிறுத்தற்குறி உட்பட எல்லாம் சரியாக இருந்தது. மனப்பாடம் செய்து சட்டைப் பையில் போட்டேன்.

அவள் இறங்கி வந்தாள். "என்னங்க, காலர் அழுக்கு. கழட்டுங்க. டாக்டர் வர்ற நேரம்."

கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

டாக்டர் வந்தார். நான் கட்டைவிரல் ஓட்டையை ஊற்றி, கோப்பையைச் சுழற்றி, மூக்கை நுழைத்து, கண்ணை மூடினேன்.

"கரும்பாறைச் சரிவு. மேற்கு வெயில். ஆயுசு முழுக்க மலை ஏறி இறங்கிய ஒரு மனுஷனோட நிதானம். தபால்காரர்!"

டாக்டர் குறித்துக்கொண்டார். அடுத்த மூன்றுக்கும் இதே கச்சேரி. சாயம் போனதற்கு மட்டும் "இரண்டு தலைமுறையோட பாசம்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"நீங்களும் ஒரு வாய் பாருங்கம்மா" என்றார் டாக்டர், மரியாதைக்கு.

அவள் நின்றபடியே குடித்தாள். "இது முதல்ல இனிச்சுட்டு அப்புறம் கசக்குது. மாமியார் மருமக. இது ஈரச் சுவர் வாசனை, தபால்காரர். இது ஒண்ணு கேட்டா ரெண்டு ருசி சொல்லுது, இரட்டையர். இது பல்லைக் கூச வைக்குது, பல் டாக்டரோடதுதான்."

டாக்டர் காலுறைகளை உருவினார். என் நாலும் தப்பு. அவள் நாலும் சரி.

"நிதானம்னு சொன்னீங்களே சார், அது மாமியார் மருமக. ரெண்டு பேரும் பேசிக்கிறதை நிறுத்தியே பத்து வருஷம் ஆச்சு."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒரு விஷயம் சார். ஒண்ணுமே தெரியாதவன் குத்துமதிப்பாச் சொன்னாக்கூட நாலும் தப்பாக இருபத்துநாலுக்கு ஒன்பது வாய்ப்பு இருக்கு."

"ஒண்ணுமே தெரியாதவனுக்கா?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் இருக்கு."

சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் எப்படி நானாவேன்? "சார், காலுறை மாட்டினதே இவதான்! எதுல எதுன்னு இவளுக்குத் தெரியாதா?"

"அது நியாயம்" என்ற டாக்டர், பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒரே மாதிரி நாலு டம்ளரில் அவரே ஊற்றிக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

நான் வெற்றிப் பார்வை பார்த்தேன். அவள் என் கையில் ஒரு மடித்த சீட்டை வைத்தாள்.

"சட்டைப் பையைப் பாக்காம நான் துவைக்கப் போட மாட்டேன்."

"நீ... மாத்திட்டியா?"

"ஒவ்வொரு சாக்ஸையும் ஒரு பாட்டில் தள்ளி. மாத்தும்போது ஒவ்வொண்ணுலயும் ஒரு மடக்கு குடிச்சும் பாத்தேன். டாக்டர்கிட்ட நான் சொல்லணுமா? நீங்களே சொல்றீங்களா?"

இருபது வருஷமாகப் பிறர் பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டவன் நான். என் கையெழுத்தில், என் உள்ளங்கையில், ஒரு பிழையும் இல்லாத அந்தச் சீட்டு கிடந்தது. எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் வாயில் போட்டு மென்றேன்.

டாக்டர் டம்ளர்களோடு வந்தார். அவள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்தாள். தடங்கலில்லாமல் சொன்னாள். நாலும் சரி.

"பிரமாதம்மா! நடுவர் நீங்கதான். சார் என்ன சொல்றீங்க?"

வாய் நிறையச் சாட்சியம். தலையை மட்டும் ஆட்டினேன்.

"இனி ஒரு டிரைவர்தான் பாக்கி" என்றார் டாக்டர். "மலைப் பாதை. மூணு நாளும் ஒரு சொட்டுகூடத் தொடாத ஆள் வேணும்."

"இவரையே போடுங்க சார்" என்றாள் மனைவி. "குடிச்சாலும் குடிக்கலைன்னாலும் இவருக்கு எல்லாம் ஒண்ணுதான்."