இல்லாத வீடுகளின் வாசல் அண்ணை

இல்லாத வீட்டுக்குள் செருப்போடு நுழைந்ததற்காகத் திட்டு வாங்கியவர்கள் உலகத்திலேயே எங்கள் ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். திட்டியவர் வாசல் அண்ணை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைப் பாவித்தது ஓய்வூதியக் கந்தோர் மட்டும்தான்.

நெடுங்கேணியில் பஸ் ஏறினால் காடு முடிகிற இடத்தில் எங்கள் ஊர். யுத்தத்துக்கு முன்பு பேர்போன கல்வீடுகள் வரிசையாக நின்றன. சனம் திரும்பி வந்தபோது அத்திவாரங்களும் கிணறுகளும்தான் மிஞ்சின. அந்த நேரம் பார்த்து, ஊரின் பழைய கட்டடங்களுக்குப் பட்டியல் தயாரிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பிரதேச சபையில் நான் புதுக் கிளாக்கர். இடிந்த தபாற்கந்தோர் ஒன்றைத் தவிரக் கட்டடமே இல்லாமல் பட்டியலுக்கு எங்கே போவது?

"வாசல் அண்ணையைக் கேளும்" என்றார் சபைத் தவிசாளர். முப்பது வருடம் அந்த வீடுகளுக்கெல்லாம் கடிதம் கொண்டுபோன தபால்காரர் அவர்.

அண்ணை என்னைப் பற்றைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பத்தடி வைத்திருப்பேன்.

"தம்பி, நில்லும்! எங்காலை வாறீர்?"

"பத்தைக்குள்ளால, அண்ணை."

"அது பத்தையில்லை. ஓவசியர் வீட்டுச் சுவர். வாசல் அங்காலை இருக்கு, சுத்தி வாரும்."

சுற்றி வந்தேன். இரண்டு படி ஏறியதும் அடுத்த அதட்டல்.

"செருப்பைக் கழட்டும். ஓவசியரின்ர மனுசிக்கு அது பிடிக்காது."

அந்த அம்மா கனடாவுக்குப் போய் எவ்வளவோ காலம். இருந்தாலும் கழற்றினேன். குசினி, சாமியறை எல்லாம் பார்த்து முடிக்கும்போது என் இரண்டு காலிலும் நெருஞ்சி முள்.

டாக்குத்தர் வீட்டுப் படுக்கையறையில் ஒரு மாடு படுத்துக் கிடந்ததற்கு, அதன் சொந்தக்காரரைத் தேடிப்போய்ச் சண்டை பிடித்தவர் இவர். "விறாந்தையில படுத்திருந்தாலும் பரவாயில்லை" என்றாராம். காணி அளக்க வந்த மனிதரை நாடாவை நேராக இழுக்க விடவில்லை. பாவம், அவர் அறைக்கு அறை கதவு வழியாக இழுத்து, வெறும் தரையைக் கோணல்மாணலாக அளந்துவிட்டுப் போனார்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். திட்டு வாங்கி வாங்கிக் கால்கள் பழகிவிட்டன. கொஞ்ச நாளில், சந்தைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையே அந்த வாசல்கள் வழியாக வளைந்து வளைந்து போகத் தொடங்கியது.

ஊரில் சுவரோடு நின்ற ஒரே பழைய கட்டடம், அண்ணை வேலை பார்த்த அந்தத் தபாற்கந்தோர். கூரை இல்லை. பக்கச் சுவரில் உழவு இயந்திரம் போகுமளவுக்கு ஓட்டை. அதை இடித்துவிட்டுக் கடைத்தொகுதி கட்டச் சபை முடிவெடுத்தது. அதைக் கேள்விப்பட்ட அன்று அண்ணை ஒருவரையும் திட்டவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"மற்ற வீடுகளை நான் வாயாலதான் கட்டி வைச்சிருக்கிறன், தம்பி. இது ஒண்டுதான் தன்ரபாட்டில நிக்குது" என்றார்.

இடிக்கிற மெசின் வந்து நின்ற காலையில் கடைசியாக ஒருமுறை பார்க்க எல்லோரும் போனோம். அண்ணை ரோட்டிலேயே சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஓட்டை எங்களுக்கு நேர் முன்னால் இருந்தது. தவிசாளர் அதை விட்டுவிட்டு, கட்டடத்தைச் சுற்றிப்போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். உறுப்பினர்களும் நானும் பின்னால் வரிசையாகப் போய்க் கழற்றினோம். வவுனியாவிலிருந்து வந்த பொறியியலாளர் மட்டும் ஓட்டைக்குள் காலை வைத்தார்.

"ஐயா, சுவருக்குள்ளால வராதேங்கோ! வாசலால வாங்கோ!"

கத்தியவர் தவிசாளர்.

"இடிக்கப்போற சுவர்தானே?" என்றார் பொறியியலாளர், ஒற்றைக் காலைத் தூக்கியபடி.

தவிசாளர் தன் வெறுங்காலைப் பார்த்தார். எங்கள் கால்களையும் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"இதை இடிக்கேலாது, ஐயா. ஆக்கள் இன்னும் போய்வந்துகொண்டிருக்கினம். கடையை வேற இடத்தில கட்டுவம்."

கட்டடத்துக்குக் கூரை வந்தது. தபாற்கந்தோரும் அதற்கே திரும்பி வந்தது. அது திறப்பதற்கு முன்பே, பட்டியலை முடித்த அன்று அண்ணையிடம் கேட்டேன்.

"உங்கட பழைய வீட்டைக் காட்டவேயில்லையே, அண்ணை?"

"அதை எழுதாதையும், தம்பி. ஊருக்கெல்லாம் காயிதம் குடுத்தனான். என்ர வீட்டுக்கு ஒருத்தரும் போட்டதில்லை."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

தபாற்கந்தோர் திறந்த அன்று முதல் ஆளாக நான் அண்ணைக்கு ஒரு கடிதம் போட்டேன். அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதை நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது. நாலு பக்கத்துக்கு எழுதினேன். புதுத் தபால்காரர் வாசலில் நின்று மணி அடித்தபோது, அண்ணை அவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் நல்ல சேட்டாகப் பார்த்துப் போட்டுப் பொத்தானும் பூட்டிக்கொண்டு வந்து வாங்கினாராம்.