பெரியப்பாவின் கல்வெட்டும் என் மென்பொருளும்

பெண் கொடுத்துப் பெண் எடுத்து மாற்றுச் சம்பந்தம் செய்த குடும்பத்துக்கு மென்பொருள் எழுதப் போகக்கூடாது. இதைத் திரும்பச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் மாமா சொல்வார், அதுவும் கூட்டிச் சொல்வார்.

பெரியப்பா செத்த முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். நினைவுப் புத்தகம்தான், வம்சாவழியும் அதில் வரும். பெரியம்மா உறவினர் பெயர் அட்டவணையைத் தந்து, "பிழையில்லாமல் வரவேணும் தம்பி. அவருக்கு நாங்கள் செய்யிற கடைசி வேலை" என்றார்.

நெல்லியடி அச்சகத்து அண்ணை தானே பார்த்து அடித்துத் தருவதாகச் சொன்னார். நான் விடுவேனா? (கம்பியூட்டர் படித்த திமிர்!) அட்டவணையைப் புத்தகப் பக்கங்களாக மாற்ற ஒரு மென்பொருள் எழுதினேன். ஒருவரைப் பிறந்த நாள், செத்த நாளோடு எழுது, அவர் கட்டியவரை எழுது, கட்டியவரின் தாய் தகப்பனுக்குப் பிறந்த மற்றப் பிள்ளைகளுக்கும் இதையே செய். வந்த வழியே திரும்பாதே என்றும் சொல்லிவைத்தேன்.

அது வேறு வழியால் திரும்பியது. பெரியப்பா கட்டியது பெரியம்மாவை. பெரியம்மாவின் தம்பி, அதாவது மாமா, கட்டியது பெரியப்பாவின் தங்கையை. அந்தத் தங்கையின் தாய் தகப்பனுக்கு வேறு பிள்ளைகள் யாரென்று பார்த்தால், மறுபடியும் பெரியப்பா!

மென்பொருள் நிற்காமல் ஓடியது. ஒருமுறை எழுதியவரை மறுபடி எழுதாதே என்று ஒரு வரி போட்டிருந்தால் முடிந்திருக்கும். நானோ, பெரிய குடும்பம்தானே என்று நினைத்து, நாற்பது பக்கத்தோடு நில் என்று கட்டளை போட்டேன். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். மடையன்.

முப்பத்தோராம் நாளன்று பந்தி முடிந்து புத்தகம் எல்லார் கைக்கும் போனது. மாமாதான் முதலில் வாய் திறந்தார்.

"அக்கா, உதிலை அத்தான் திரும்பத் திரும்பச் சாகிறார். இதோடை பதினொராம் தரம்!"

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அந்த மனுசி கேட்டது ஒரேயொரு காரியம், அதையும் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது.

"பதினொரு தரமும் மனுசன் என்னைத்தானே கட்டியிருக்கிறார்!" என்று பெரியம்மா சிரித்தார். அந்த முப்பத்தொரு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே அழுதார்.

பிறகு அச்சகத்து அண்ணை வம்சாவழியை இரண்டே பக்கத்தில் ஒழுங்காக அடித்துத் தந்தார். ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியம்மா என்னைக் காட்டிச் சொல்வது இதுதான்:

"என்ரை கல்வெட்டை மட்டும் உவனிட்டைக் குடுத்திடாதேங்கோ. எனக்கு ஒருக்காச் செத்தாப் போதும்."